பெயர்த்து நடும் கைகள்: சிட்னி, மெல்பர்ன் தாவரவியல் பூங்காக்களின் இருநூறு ஆண்டுப் பாடம்

சளி பிடித்தால் கொதிநீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கிறோமே, அந்த நீலகிரித் தைலத்தைத் தரும் நீல யூகலிப்டஸ் மரம் நீலகிரியில் பிறந்ததல்ல. அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் தென்கோடி: டாஸ்மேனியத் தீவும், கடலுக்கு இப்பால் அதற்கு எதிரே கிடக்கும் விக்டோரியாவின் தென்பகுதியும். 1843இல் மதராஸ் பொறியியல் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். 1860களில் அரசே விறகுக்காகத் தோப்புகள் போட ஆரம்பித்தது. புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் தைலமரக் காடாக நிற்பவையும் அதே பேரினத்தின் வேறு இனங்கள்தாம்.

ஒரு மரம் இப்படிக் கடல் கடப்பதற்கு மூவர் தேவை: அதன் விதையைச் சேகரிக்கத் தெரிந்தவர், முளைக்க வைக்கத் தெரிந்தவர், எந்த மண்ணில் எது பிழைக்கும் என்று கணிக்கத் தெரிந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மூவரும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த இடம் தாவரவியல் பூங்கா. இன்று நாம் குடும்பத்தோடு சுற்றிப்பார்த்துவிட்டு வரும் புல்வெளியும் பூப்பாத்தியும் அதன் முகப்பு மட்டுமே. பின்கட்டில் நடக்கும் தொழில், செடியை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வாழவைப்பது.

சிட்னி, மெல்பர்ன் பூங்காக்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு காலத்தில் காடுகளைக் குலைத்ததும், இன்று அழியும் இனங்களைக் காப்பதும் ஒரே கைத்திறன்தான். நாற்றங்காலில் செய்யும் வேலை பெரிதாக மாறவில்லை. நடுவதற்கு முன் கேட்கும் கேள்விதான் மாறியது. ‘இது இங்கே வளருமா?’ என்று மட்டும் கேட்டவர்கள், ‘வளர்ந்தால் மற்றவற்றுக்கு என்ன ஆகும்?’ என்றும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு அவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

விளையாத வயல்

1788 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் தொகுதி சிட்னியில் கரை சேர்ந்தது. இறங்கியவர்களுக்கு உடனடிக் கவலை சோறு. ஆளுநர் ஆர்தர் பிலிப், குடியிருப்புக்கு அடுத்த சிறு வளைகுடாவின் கரையில் ஒன்பது ஏக்கர் நிலத்தைத் திருத்தித் தானியம் விதைக்கச் செய்தார். காடிகல் மக்களின் நிலம் அது. வுகன்மகுல்யா என்பது அந்த வளைகுடாவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். வந்தவர்கள் அதை ‘ஃபார்ம் கோவ்’, அதாவது பண்ணை வளைகுடா, ஆக்கினார்கள். மண் மணற்பாங்கானது, சத்தில்லாதது. கைதிகளில் பெரும்பாலோர் நகரத்து ஆட்கள். ஏர் பிடித்துப் பழகாதவர்கள். விளைச்சல் ஏமாற்றியது. அந்த ஆண்டின் இறுதிக்குள் உழவு உள்நாட்டுப் பக்கம், இன்று பாராமட்டா இருக்கும் ரோஸ் ஹில்லுக்கு நகர்ந்தது.

பயிர் பொய்த்த அதே கரையில்தான் இன்றைய ராயல் தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஆளுநர் மக்குவாரி காலத்தில், 1816 ஜூன் 13 அன்று அது தொடங்கியதாகக் கணக்கு. முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் ஃப்ரேசர். நிலத்தைச் சமன் செய்ததும் கல் சுமந்ததும் பாத்தி கட்டியதும் கைதிகள்; அவர்கள் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

ஆரம்பத்தில் பூங்கா எதற்கு என்பதே தகராறாக இருந்தது. 1837இல் பொறுப்பேற்ற ஆலன் கன்னிங்ஹாம், லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்காக ஆஸ்திரேலியக் காடுகளில் ஏறத்தாழ பதினைந்தாண்டுக் காலம் செடி சேகரித்தவர். அவருக்கு முன் அதே பதவியில் இருந்த தம்பி ரிச்சர்ட், 1835இல் ஒரு நில அளவைப் பயணத்தில் செடி தேடிக் குழுவை விட்டு விலகிப்போய்க் கொல்லப்பட்டிருந்தார். அப்படியொரு விலை கொடுத்து வந்த பதவியில் ஆலன் கண்டது, ஆளுநர் மாளிகைச் சமையலறைக்குக் காய்கறி விளைவிக்கும் வேலை. சில மாதங்களிலேயே வெறுத்துப்போய் விலகிவிட்டார். செடியை அறிவதற்கா, வயிற்றுக்கா, கண்ணுக்கா என்ற இந்த இழுபறி இரண்டு நகரங்களிலும் தலைமுறைதோறும் திரும்ப வந்திருக்கிறது.

விதை அனுப்பியவர்

மெல்பர்னில் யாரா ஆற்றின் தென்கரையில் 1846இல் பூங்காவுக்கு இடம் குறிக்கப்பட்டது. குலின் மக்களின் நிலமான அங்கே அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை, பழங்குடிகளுக்கென அரசு நடத்திய மிஷன் ஒன்று இருந்து மூடப்பட்டிருந்தது. 1857இல் இயக்குநராக வந்தவர் ஃபெர்டினாண்ட் ஃபான் மியூல்லர். ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்தில் பிறந்து, மருந்தாளுநராகப் பயின்று, 1847இல் அடிலெய்டில் இறங்கியவர். 1853லேயே விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளர். அந்த ஆண்டு அவர் தொடங்கிய ஹெர்பேரியத்தில், உலர்தாவரக் காப்பகத்தில், இன்று சுமார் பதினைந்து லட்சம் மாதிரிகள் இருக்கின்றன.

இவ்வளவும் ஒரு மனிதரால் ஆகாது. மியூல்லர் ஓயாமல் கடிதம் எழுதினார். ஆடு மேய்ப்பவர், தபால்காரர், பள்ளி ஆசிரியை, பண்ணை வீட்டுப் பெண் என்று கண்டம் முழுக்க ஆள் பிடித்தார். அவருக்குச் செடி சேகரித்து அனுப்பிய பெண்கள் மட்டுமே இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் பெயர்வாரியாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அறிவியல் சங்கங்களில் பெண்களுக்கு இடம் இல்லாத காலம் அது.

அப்படி வந்த செடி ஆவணமாவதற்கு ஒரு முறை உண்டு. இலை, பூ, காய் மூன்றும் தெரியும்படி கிளையை விரித்துத் தாளிடையே வைத்து அழுத்துவார்கள். ஈரம் வடிய வடியத் தாளை மாற்ற வேண்டும். ஒருநாள் மறந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்ததும் கெட்டி அட்டையில் பொருத்தி, வலது கீழ்மூலையில் ஒரு சீட்டு: யார் எடுத்தது, எந்த இடம், எந்தத் தேதி, எந்த மண். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும், ஆகையால் அதையும் எழுத வேண்டும். நூற்றைம்பது ஆண்டு கழித்து, ‘இந்தச் செடி இந்த ஆற்றங்கரையில் முன்பு இருந்ததா?’ என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது அந்தச் சீட்டுத்தான். சிட்னியின் காப்பகத்திலும் பதினான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. 1770இல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த தாவரவியலாளர்கள் ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சோலாண்டரும் சேகரித்தவையும் அவற்றில் சேர்ந்தவை. 2022இல் அவை சிட்னிக்குத் தென்மேற்கே மவுண்ட் அனானில் கட்டிய புதிய கட்டடத்துக்குக் குடிபோயின.

மியூல்லருக்கு இன்னொரு முகமும் உண்டு. நீல யூகலிப்டஸ் மரம் சதுப்பை வற்றவைக்கும், காய்ச்சலை விரட்டும், விறகும் தைலமும் தரும் என்று அவர் மனமார நம்பினார். உலகெங்கும் அதன் விதையை அனுப்பினார். தைலம் காய்ச்சச் சொல்லி ஜோசப் போசிஸ்டோ என்ற மருந்தாளுநரை ஊக்கப்படுத்தினார். போசிஸ்டோ 1850களில் மெல்பர்னுக்கு வெளியே டாண்டினாங் ஓடைக்கரையில் வாலை அமைத்தார். இன்று டாண்டினாங்கில் ஈழத் தமிழர்களும் தமிழகத் தமிழர்களும் கணிசமாக வாழ்கிறார்கள். ஊரிலிருந்து அவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் நீலகிரித் தைலத்தின் தொழில் வரலாறு அவர்கள் குடியிருக்கும் பேட்டையிலேயே தொடங்கியது.

விதை வெளியே போனது போலவே உள்ளேயும் வந்தது. அயல் உயிர்களை ஆஸ்திரேலியாவில் பழக்குவதற்கென்று 1861இல் விக்டோரியாவில் ஒரு சங்கமே நிறுவப்பட்டது. மியூல்லர் அதில் முன்னணியில் நின்றவர். வழிப்போக்கருக்குப் பழம் கிடைக்கட்டும் என்று ஓடைக்கரைகளில் பிளாக்பெரியைப் பரப்பினார். முள்ளும் கொடியுமாய்ப் புதர் மண்டி, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மிக மோசமான களைகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது. மியூல்லரிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை, நல்லெண்ணத்துக்கும் பஞ்சமில்லை. வளருமா என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அடுத்த கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.

1873இல் அவர் இயக்குநர் பதவியை இழந்ததற்குக் காரணம் இது எதுவுமல்ல. வரிசை வரிசையாக மரம் நட்டு வகைப்பாட்டுப் பாடம் நடத்தியவரிடம், ஊர்ப் பெரியமனிதர்கள் புல்வெளியும் நீரூற்றும் சிலையும் கேட்டார்கள். பின்னால் வந்த வில்லியம் கில்ஃபாயில் 1909வரை இருந்தார். மியூல்லர் நேர்கோட்டில் வைத்த வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்து, வளைந்த புல்வெளி ஓரங்களில் திரும்ப நட்டார். மெல்பர்ன்காரர்கள் இன்று கொண்டாடும் அழகு அவர் கைவண்ணம்.

செடியோடு போன மனிதர்கள்

இந்தக் கதையைத் தமிழ் வாசகர் தொலைவில் நின்று படிக்க முடியாது. சிட்னி, மெல்பர்ன், கியூ, கல்கத்தா, பேராதனை, சிங்கப்பூர், உதகமண்டலம் எல்லாம் ஒரே வலையின் கண்ணிகள். உதகைப் பூங்காவை 1848இல் அமைக்க வந்த வில்லியம் மெக்கைவர் கியூவில் பயின்ற தோட்டக்காரர். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பங்கு இலங்கைக்கு வந்து, கம்பஹா அருகே ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டது. மறு ஆண்டு சிங்கப்பூருக்குப் போனவை இருபத்திரண்டு கன்றுகள். அங்கே பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

அதன் பிறகு நடந்தது நம் குடும்பக் கதை. மலாயாவின் ரப்பர்க் காடுகளுக்குத் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். இலங்கையின் மலையகத்தில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போயிருந்தார்கள். ஒரு பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் ஒரு விதை முளைத்ததற்கும், ஒரு முழுக் கிராமம் கப்பலேறியதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது. ‘வளர்ந்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியில் காடு மட்டுமல்ல, மனிதரும் அடக்கம். தாவரவியல் பூங்கா அரசியல் கலவாத பசுமை என்று நினைப்பவர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

முகவரி மறைத்த மரங்கள்

1994 செப்டம்பரில், சிட்னிக்கு வடமேற்கே உள்ள வொல்லெமி தேசியப் பூங்காவில் டேவிட் நோபிள் என்ற பூங்கா அலுவலர் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் கயிறு கட்டி இறங்கினார். அங்கே நின்ற மரங்கள் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பழுப்புக் குமிழ்கள் கொதித்து உறைந்ததுபோன்ற பட்டை. நாற்பது மீட்டர்வரை உயரம். உதிர்ந்து கிடந்த ஒரு கிளையை எடுத்துவந்து காட்டியபோதுதான் தெரிந்தது: அரக்கேரியாக் குடும்பத்தைச் சேர்ந்த, புதைபடிவங்களில் மட்டுமே உறவினரைக் காணக்கூடிய மரம். 1995இல் சிட்னி பூங்காவின் அறிஞர்கள் உள்ளிட்ட குழு அதற்கு வொல்லெமியா நொபிலிஸ் என்று பெயரிட்டது. காட்டில் இருந்த வளர்ந்த மரங்கள் நூறுக்கும் குறைவு.

பள்ளத்தாக்கின் இருப்பிடம் இன்றுவரை பொதுவில் சொல்லப்படவில்லை. காவல் போட்டுக் காப்பது ஒரு வழி. அதைவிடக் கெட்டியான வழியை நாற்றங்கால்காரர்கள் கண்டார்கள்: ஊரெல்லாம் கிடைக்கும்படி செய்துவிட்டால் திருடப் போகிறவர் யார்? வேலை எளிதல்ல. அரக்கேரியாக் குடும்ப மரங்கள் பலவற்றில், பக்கக் கிளையிலிருந்து வெட்டிய போத்து வேர் பிடித்த பிறகும் தன்னைக் கிளையென்றே நினைத்துப் படுத்து வளரும். நிமிர்ந்து மரமாக வேண்டுமானால் மேல்நோக்கிப் போகும் தளிரிலிருந்து எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட தளிரோ குறைவு. எந்தத் தாய் மரத்திலிருந்து எந்தப் போத்து வந்தது என்ற குறிப்பும் தவறக்கூடாது. மரபணுவில் இவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரே அச்சு. இருக்கும் சொற்ப வேறுபாட்டையும் கலைத்துவிட்டால் பிறகு எதை வைத்துக் காப்பது?

1998இல் ஒரு கன்று சிட்னி பூங்காவில் நடப்பட்டபோது அதைச் சுற்றி இரும்புக் கூண்டு இருந்தது. 2005இல் சதபீஸ் நிறுவனம் 292 கன்றுகளை ஏலம் விட்டது; பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரண்டது. பிறகு அவை சாதாரணத் தோட்டக் கடைகளுக்கே வந்துசேர்ந்தன. 2023இல் மரபணு வேறுபாடு பார்த்துப் பொறுக்கிய 170 இளங்கன்றுகள் ஐரோப்பா, ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. ஓரிடத்தில் தீப்பட்டால் இன்னோரிடத்தில் இருக்கும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு வீண் பயமல்ல என்பது 2019–20 கோடையில் தெரிந்தது. காஸ்பர்ஸ் மவுண்டன் காட்டுத்தீ ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்துக்கொண்டு பள்ளத்தாக்கை நெருங்கியது. விமானங்கள் தீத்தடுப்பு ரசாயனம் தூவின. ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட வீரர்கள் நீர்தெளிப்புக் குழாய்களைப் பொருத்தினார்கள். மரங்கள் கருகினாலும் பெரும்பாலானவை பிழைத்தன. 2005இல் வந்த ஆபத்து இதைவிட நுண்ணியது. வேரை அழுகவைக்கும் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்டது. அனுமதியின்றி நுழைந்தவர்களின் காலணி மண்ணில் அது வந்திருக்கலாம் என்பது சந்தேகம். ஒட்டிய மண் ஒரு சிட்டிகை போதும். இன்று ஆய்வாளர்களே காலணியைக் கிருமிநாசினியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். விரும்பிப் போய்ப் பார்ப்பவரின் கால்கூடக் கேடு செய்யலாம் என்று தெரிந்து நடப்பது, மியூல்லர் காலத்தில் இல்லாத பழக்கம்.

கொய்யாவும் நாவலும் தைலமரமும்

கொய்யா, நாவல், கிராம்பு, தைலமரம் நான்கும் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்தையே தாக்கும் துருநோய் தென் அமெரிக்காவிலிருந்து உலகம் சுற்றி, 2010 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸின் மத்தியக் கடற்கரைப் பகுதியில் தென்பட்டது. குருத்திலும் பிஞ்சிலும் மஞ்சள் பொடி பூத்ததுபோல் படரும். காற்றில் பறக்கும் நோயை வேலி போட்டு நிறுத்த முடியாது. ‘நாட்டுக் கொய்யா’ என்று அங்கே அழைக்கப்படும் ஒரு மழைக்காட்டுச் சிறுமரம் பத்தாண்டுக்குள் காட்டில் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. குருத்து கருகிக்கொண்டே இருந்தால் பூவில்லை, பூவில்லையேல் விதையில்லை.

அதே மவுண்ட் அனானில் 2013இல் திறக்கப்பட்ட ‘பிளான்ட்பேங்க்’ இப்படிப்பட்ட செடிகளுக்கான கருவூலம். விதை சேகரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விதி: அன்று முற்றிக் கிடக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, மீதி காட்டுக்கு. கொண்டுவந்ததில் சிலவற்றைக் கத்தியால் பிளந்து பருப்பு இருக்கிறதா, பூச்சி தின்றதா என்று பார்ப்பார்கள். பிறகு பதினைந்து டிகிரிக் குளிரில், பதினைந்து சதவீத ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் மெதுவாக உலர்த்துவார்கள். நம் வீடுகளில் நெல் விதையை வெயிலில் காயப்போட்டுக் குதிரில் இடுவதன் நுட்பமான வடிவம்தான் இது. காற்றுப் புகாத உறையில் அடைத்து, மைனஸ் இருபது டிகிரியில் வைத்தால் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இடையிடையே சிலவற்றை எடுத்து முளைக்கவிட்டுச் சோதிப்பார்கள்.

எல்லா விதையும் இந்த நியமத்துக்கு மசியாது. மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் உலர்ந்தால் செத்துவிடுவதுபோல மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளும் செத்துவிடும். அவற்றுக்குத் திசு வளர்ப்பு, உறைகுளிரில் தளிர்நுனியைப் பாதுகாப்பது, பசுமைக்கூடத்தில் உயிர்ச்செடியாகவே வைத்திருப்பது என்று வேறு வழிகள். ஒவ்வொன்றும் விடுமுறை நாளிலும் ஆள் வந்து பார்க்க வேண்டிய வேலை.

பொதுமக்கள் கண்ணில் படுவது வேறு. 2025 ஜனவரியில் சிட்னி பூங்காவில் பிணமலர் ஒன்று பூத்தபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அழுகல் நாற்றத்தை முகர்ந்துவிட்டுப் போனார்கள். நம் சேனைக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம் அது. சிட்னியில் அது பூத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. மலர்ந்து நின்றது ஒருநாள் கூத்து. கிழங்கைத் தொட்டியில் வைத்து, அழுகாமல் காயாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டதற்கு வரிசை நிற்கவில்லை.

எதைக் காப்பது, யாரிடமிருந்து?

செடியைப் பேணுவது என்றால் சில சமயம் இன்னொரு உயிரை விரட்டுவது. சாம்பல்தலைப் பழவௌவால்கள் இரு நகரப் பூங்காக்களிலும் ஆயிரக்கணக்கில் குடியேறி, உச்சிக் கிளைகளை முறித்து, நூறாண்டு மரங்களைப் பட்டுப்போகச் செய்தன. அவை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். யூகலிப்டஸ் காடுகளின் மகரந்தச் சேர்க்கைக்கு இன்றியமையாதவை. மெல்பர்னில் 2003இல் அவை விரட்டப்பட்டு யாரா பெண்ட் பகுதிக்கு இடம் மாறின. சிட்னியில் நடுவண் அரசின் அனுமதி பெற்று 2012இல் பெருஞ்சத்தம் எழுப்பி விரட்டினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த மரங்களுக்காக உள்நாட்டு உயிரை வெளியேற்றலாமா என்ற கேள்விக்கு எல்லோரும் ஒப்பும் விடை கிடையாது. நட்டவர்கள் அதைச் சுமந்தே ஆக வேண்டும்.

மனிதனிடமிருந்து காப்பதோ இன்னும் கடினம். மெல்பர்ன் பூங்காவில் சுமார் நானூறு வயதான ஓர் ஆற்றுச் செங்கோந்து யூகலிப்டஸ் நின்றது. விக்டோரியா தனிக் குடியேற்றமாகப் பிரிந்த செய்தியை 1850 நவம்பரில் மக்கள் அதன் அடியில் கூடிக் கொண்டாடியதால் ‘பிரிவினை மரம்’ என்று பெயர். 2010இல் ஓர் இரவு யாரோ அதன் பட்டையை அடிமரத்தைச் சுற்றி வளையமாக உரித்துவிட்டார்கள். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். வளையம் முழுதாகிவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும். பூங்காவினர் இளங்கன்றுகளைப் பாலம்போல் ஒட்டுக்கட்டி, உரித்த இடத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். 2013இல் மறுபடியும் வெட்டு விழுந்தது. மரம் தேறவில்லை, 2015இல் கிளைகளை இறக்க வேண்டியதாயிற்று. அதன் வழித்தோன்றல் கன்றுகள் வளர்கின்றன.

2090க்கு நடுவது

2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்டது. ஐரோப்பியக் குளிரை மனதில் வைத்து நட்ட மரங்களுக்கு எதிர்காலம் எப்படி இருக்கும் என்பது பூங்காவினருக்கு ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் போயிற்று. நீண்ட வறட்சியின் முடிவில், 1876இல் கில்ஃபாயில் எரிமலை வடிவில் கட்டி, பின்னர் அறுபதாண்டாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த நீர்த்தொட்டியை 2010இல் புதுப்பித்தார்கள். சுற்றுத் தெருக்களின் மழைநீரைப் பிடித்து, ஏரிகளிலும் நீர்த்தாவரப் படுகைகளிலும் ஓடவிட்டுத் தெளியவைத்துப் பாசனத்துக்கு எடுக்கும் ஏற்பாடும் அதனோடு சேர்ந்தது. கண்ணுக்காகக் கட்டியவர் என்று பெயர் வாங்கிய கில்ஃபாயிலின் எரிமலை, வேருக்கு உதவியது.

2016இல் பூங்கா வெளியிட்ட இருபதாண்டுத் திட்டம் இன்னும் துணிச்சலானது. 2036க்குள், பூங்காவில் உள்ள தாவர வகைகளில் முக்கால் பங்கு 2090இன் தட்பவெப்பத்துக்கு ஈடுகொடுப்பவையாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. நோய்வாய்ப்பட்டு விழும் மரத்தின் குழியில் அதே மரத்தை நடுவதில்லை. இன்று வெப்பமும் வறட்சியும் மிகுந்த நாடுகளில் தாக்குப்பிடிக்கும் இனத்தைத் தேடி நடுகிறார்கள். 2018இல் பல நாட்டுப் பூங்காக்கள் மெல்பர்னில் கூடி, இந்த அனுபவத்தைப் பகிரக் கூட்டமைப்பு ஒன்றும் அமைத்துக்கொண்டன.

இங்கேதான் பழைய ஆபத்து புது வேடத்தில் நிற்கிறது. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் அயல்செடியைத் தேடுவது, நாளைய பிளாக்பெரியைத் தேடுவதாகவும் முடியலாம். எங்கும் பிழைப்பதுதான் களையின் குணம். ஆகையால் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இனமும் களையாகுமா என்று முதலில் எடைபோடப்படுகிறது. அரசின் தனிமைப்படுத்தல் கூடத்தில் இருந்து நோயில்லை என்று தெரிந்த பிறகே வெளியே வருகிறது. விமான நிலையத்தில் கறிவேப்பிலைக் கன்றைப் பறிகொடுத்த தமிழருக்கு அந்தச் சட்டம் கெடுபிடியாகப் படும். நூற்றைம்பது ஆண்டுப் பிழைகளுக்குப் பிறகு எழுதப்பட்ட சட்டம் அது. பூங்காக்களுக்கும் அதிலிருந்து விலக்கில்லை.

நமக்கு வேண்டியது

நீலகிரியில் புல்வெளிகளையும் சோலைகளையும் விழுங்கிய வேட்டில் மரமும் ஆஸ்திரேலிய இறக்குமதிதான். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றவும் இயற்கை வாழிடங்களை மீட்கவும் ஒரு கொள்கையை அறிவித்தது. ஆனால் வேட்டிலை வெட்டிச் சாய்த்தால் மட்டும் காரியம் முடியாது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடந்து, வெளிச்சம் பட்டதும் படையாக முளைக்கும். காலியான இடத்தில் எந்தப் புல், எந்தச் சோலை மரம், எந்த வரிசையில் வைப்பது? அதன் விதை எந்த மாதம் முற்றுகிறது, எத்தனை நாள் உயிரோடு இருக்கும், எந்த நிழலில் நாற்று எழும்? இவற்றுக்கு விடை தெரிந்த ஆட்கள் வேண்டும்.

வெளிநாட்டு மரத்தை இங்கே வேரூன்றச் செய்யும் அறிவு ஒரு பூங்காவின் நாற்றங்காலில் திரண்டது. உள்நாட்டு மரத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைக்கும் அறிவும் நாற்றங்காலில்தான் திரளும். உதகைப் பூங்கா மே மாத மலர்க்காட்சிக்குப் பேர்போனது. அங்கே லட்சக்கணக்கில் பூநாற்று எழுப்பும் பணியாளர்களின் விரல்நுனியில் இருக்கும் பக்குவம் சோலை நாற்றுக்கும் பொருந்தும். சோலை மரங்களை விதைவரை அறிந்த தோடர், குறும்பர் போன்ற மலைமக்களும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சொந்த முயற்சியில் புல்லும் சோலையும் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சிட்னியும் மெல்பர்னும் காட்டும் வழி, இவர்களைச் சம்பளமும் பதிவேடும் தொடர்ச்சியும் உள்ள ஒரு நிறுவனத்துக்குள் சேர்ப்பது. பதிவேடு முக்கியம். எந்தச் சோலையின் எந்த மரத்து விதை, யார் எடுத்தது, எங்கே நட்டது, பிழைத்ததா என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்த தலைமுறைத் தோட்டக்காரர் மறுபடி முதலிலிருந்தே பிழை செய்து கற்க வேண்டியிருக்கும். மியூல்லர் செய்த பிழைகளை இன்று நாம் இவ்வளவு தெளிவாகப் பேச முடிவதற்கும் காரணம், அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்ததுதான்.